பின்னால் நடக்காத கருப்பட்டி

கருப்பட்டி இறங்கவில்லை.

அம்பாசமுத்திரத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். அன்று அங்கே சிறுவர் விழா. குதிரைச் சவாரிக்காக அறுபது பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். குதிரை கருப்பட்டியோ மினி லாரிக்குள் நின்றாள்.

ஏறும்போது ஒரு தொல்லையும் இல்லை. சாய்பலகை வழியாக ஜம்மென்று மேலே ஏறிவிட்டாள். உள்ளே திரும்ப இடமில்லை. இறங்க வேண்டுமென்றால் பின்னால் நடக்க வேண்டும். கருப்பட்டிக்குப் பின்னால் நடப்பது என்றால் என்னவென்றே தெரியாது.

ரீபாவின் அப்பா ஹெப்ரான் உள்ளே போய்க் கருப்பட்டியின் மார்பைத் தள்ளினார். அவள் திருப்பித் தள்ளினாள். அவர் இன்னும் பலமாகத் தள்ளினார். அவளும் இன்னும் பலமாகத் தள்ளினாள். கடைசியில் அப்பாதான் லாரியின் முன்பலகையோடு அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டார்.

லாரி ஓட்டுபவர் இசக்கிதுரை எட்டிப் பார்த்தார். "ஹெப்ரான், இப்ப யாரை இறக்கணும்வே? குதிரையையா, உம்மையா?"

வரிசையில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். லாரியின் பக்கத்தில் நின்ற ரீபாவுக்கு முகம் சிவந்துபோயிற்று. அவளுக்குப் பதினொரு வயது. யாராவது கருப்பட்டியைப் பார்த்துச் சிரித்தால் தன்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருக்கும் அவளுக்கு.

ஒரு மணி நேரம் ஆயிற்று. பிள்ளைகள் ஐஸ் கடைப் பக்கம் போய்விட்டார்கள். கருப்பட்டியை லாரியிலேயே பாளையங்கோட்டைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். வீட்டருகே ஒரு மண்மேட்டை ஒட்டி லாரியை நிறுத்தி, பக்கப் பலகையைத் திறந்த பிறகுதான் அவள் பக்கவாட்டில் திரும்பி வெளியே வந்தாள். வந்ததும், எதுவுமே நடக்காதது போலப் புல் மேய ஆரம்பித்தாள்.

அப்பா சட்டையைக் கழற்றி உதறினார். "இது சரிப்படாது. பின்னால நடக்கத் தெரியாத குதிரையை எந்த ஊருக்குக் கொண்டு போவ முடியும்? குத்தாலத்துல ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு. அங்கன சுத்திச் சுத்தி முன்னால மட்டும் நடந்தாப் போதும். அவருக்கே குடுத்துரலாம்."

"அப்பா!" என்றாள் ரீபா. "நான் பழக்குதேம்ப்பா. ஒரு மாசம் குடுங்க."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு புல் மேயும் கருப்பட்டியைப் பார்த்தார்.

"சரி, ஒரு மாசம்" என்றார்.

பாளையங்கால்வாய்க்குப் பக்கத்தில், வாழைத் தோட்டத்தைத் தாண்டி, அப்பா ஒரு சின்னக் குதிரையேற்றப் பள்ளி நடத்தினார். அவரிடம் மூன்று குதிரைகள். இரண்டு குதிரைகள் வயதானவை, எல்லாம் பழகியே வந்தவை. கருப்பட்டி மட்டும் திசையன்விளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இஷ்டம் போல வளர்ந்தவள். நிறமும் பேருக்கு ஏற்ற மாதிரி கருஞ்சிவப்பு.

அவள் வந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் ஊறவைத்த கொள்ளு கொடுப்பது ரீபா. மாலையில் உடம்பைத் தேய்த்துவிடுவது ரீபா. கருப்பட்டி மூக்கை நீட்டி மோந்து பார்ப்பது ரீபாவின் கழுத்தைத்தான். கருப்பட்டி யாருடைய குதிரை என்று கேட்டால் அப்பாவுடையது என்று ஊர் சொல்லும். ரீபா மனதுக்குள் வேறு மாதிரிச் சொல்லிக்கொள்வாள்.

ஆனால் ஒரு வாரமாகத் தள்ளியும் இழுத்தும் கெஞ்சியும் பார்த்தாகிவிட்டது. கருப்பட்டி ஓரடிகூடப் பின்னால் வைக்கவில்லை. தள்ளினால் சுகமாகச் சாய்ந்துகொண்டாள்.

அப்போதுதான் ஃபிளோரா வந்தாள்.

ஃபிளோராவுக்குச் சொந்த ஊர் கடற்கரையில். அவள் அப்பா ரெக்சன் கடலுக்குப் போகிறவர். படிப்புக்காக அவள் பாளையங்கோட்டையில் அத்தை கிரேஸி வீட்டில் தங்கியிருந்தாள். ரீபாவின் வகுப்புதான், அதே பெஞ்சுதான்.

"உங்க குதிரையைப் பாக்க வரட்டுமா?" என்று ஒரு நாள் வகுப்பில் கேட்டாள்.

"வாயேன்" என்றாள் ரீபா பெருமையாக.

சனிக்கிழமை காலை ஃபிளோரா வந்தாள். கருப்பட்டி எப்படிப் பின்னால் போகமாட்டேன் என்கிறாள் என்பதை ரீபா தள்ளிக் காட்டினாள். ரீபாவின் தம்பி பெனோ வேலி மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

"நான் ஒரு தடவை தொட்டுப் பாக்கட்டுமா?" என்றாள் ஃபிளோரா.

அவள் கருப்பட்டியின் மார்பில் ஒரே ஒரு விரலை வைத்தாள். தள்ளவில்லை. வைத்தபடி சும்மா நின்றாள்.

'தூங்கிட்டாளா?' என்று நினைத்தாள் ரீபா.

கருப்பட்டி தலையைத் தாழ்த்தி அந்த விரலைப் பார்த்தாள். காதை ஆட்டினாள். முன்னங்காலில் இருந்த பாரத்தைக் கொஞ்சம் பின்னால் மாற்றினாள். உடனே ஃபிளோரா விரலை எடுத்துவிட்டாள்.

மறுபடியும் விரலை வைத்தாள். மறுபடியும் நின்றாள். மூன்றாவது தடவை, கருப்பட்டி காலைத் தூக்கி ஓரடி பின்னால் வைத்தாள்.

"அப்பா!" என்று அலறினான் பெனோ. "ஓடி வாங்க! ஃபிளோரா கருப்பட்டியை ஒத்தை விரலால தள்ளிட்டா!"

அப்பா பாதி முகத்தில் சவர நுரையோடு ஓடி வந்தார். ஃபிளோரா மறுபடி செய்து காட்டினாள். இந்தத் தடவை இரண்டு அடி.

"ஏம்மா, இதை எங்க படிச்ச?" என்றார் அப்பா.

"எங்கயும் படிக்கலை மாமா. சும்மாத்தான்."

"நீ தினமும் வாம்மா. கட்டாயம் வரணும்" என்றார் அப்பா. நுரை காய்ந்து முகத்தில் ஒட்டிக்கொண்டதுகூட அவருக்குத் தெரியவில்லை.

ரீபா சிரித்தாள். ஆனால் எல்லாரும் போன பிறகு, கருப்பட்டியின் மார்பில் அந்த விரல் பட்ட இடத்தைக் கையால் அழுத்தித் துடைத்துவிட்டாள்.

ஃபிளோரா தினமும் மாலையில் வந்தாள். அப்பா அவளைக் குதிரை மேல் ஏற்றிவிட்டார். அவள் கடிவாள வாரைப் பிடித்து விரல்களை மெதுவாக மூடுவாள், காத்திருப்பாள், கருப்பட்டி கால் எடுத்ததும் விரல்களைத் திறப்பாள். அவ்வளவுதான்.

"இன்னைக்கு மூணு அடி!" என்பான் பெனோ இரவுச் சாப்பாட்டின்போது.

"வாயை மூடிக்கிட்டு இட்லியைத் தின்னுலே" என்பாள் ரீபா.

"வாயை மூடிக்கிட்டு எப்படித் திங்கிறது?"

இப்போதெல்லாம் ரீபாவுக்கு ஃபிளோராவிடம் எதுவுமே பிடிக்கவில்லை. அவள் இரட்டைச் சடை பிடிக்கவில்லை. அவள் 'ர'வை உருட்டிப் பேசுவது பிடிக்கவில்லை. மத்தியானம் அவள் டப்பாவைத் திறந்து, "நெத்திலி வறுவல், எடுத்துக்க" என்று நீட்டியபோது, "எனக்குப் பசிக்கலை" என்று சொல்லிவிட்டாள். வாசனை மூக்கைத் துளைத்தது. அதுவும் பிடிக்கவில்லை.

யாரும் இல்லாத நேரத்தில் ரீபாவும் விரலை வைத்துப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். மூன்றுக்கு மேல் அவளால் பொறுக்க முடியவில்லை. தள்ளிவிட்டாள். கருப்பட்டியும் வழக்கம் போலத் திருப்பித் தள்ளினாள்.

"நேத்து வந்தவளுக்குச் செய்யுத. ரெண்டு வருசமா கொள்ளு குடுக்குத எனக்குச் செய்ய மாட்டியா?" என்றாள்.

வியாழக்கிழமை மாலை. அப்பா தீவனம் வாங்க மேலப்பாளையம் போயிருந்தார். ஃபிளோராவுக்கு அன்று டியூஷன். ரீபா தானே கருப்பட்டிக்குச் சேணம் போட்டுக் கடிவாளம் மாட்டினாள். மேலே ஏறினாள்.

விரல்களை மூடினாள். ஒன்றும் நடக்கவில்லை. இழுத்தாள். கருப்பட்டி தலையைத் தூக்கினாள். ரீபாவுக்குக் கண்ணுக்குள் ஃபிளோராவின் இரட்டைச் சடை வந்து நின்றது. இரண்டு கையாலும் வாரைச் சுருட்டிப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, வெடுக்கென்று இழுத்தாள். மறுபடி இழுத்தாள்.

கருப்பட்டி வாயைத் திறந்துகொண்டு, கழுத்தை வளைத்து, கோணல்மாணலாகப் பின்னால் ஓடினாள். வேலியில் இடித்து நின்றாள். அவள் கண்ணின் வெள்ளை தெரிந்தது. உடம்பு நடுங்கியது.

பின்னால் போய்விட்டாள்தான். ஆனால் ரீபாவுக்குக் கொஞ்சம்கூடச் சந்தோஷமாக இல்லை.

இறங்கிப் பார்த்தாள். கருப்பட்டியின் வாயோரத்தில் எச்சில் இளஞ்சிவப்பாக இருந்தது. ரீபா தன் பாவாடை நுனியால் துடைத்தாள். கடிவாளத்தைக் கழுவிச் சுவரில் மாட்டினாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஃபிளோரா ஏறி விரல்களை மூடியதுமே கருப்பட்டி தலையை வானத்துக்குத் தூக்கிவிட்டாள். ஃபிளோரா உடனே இறங்கிவிட்டாள். அப்பா வந்து வாயைத் திறந்து பார்த்தார்.

"புண்ணா இருக்கே!" என்றார். "ஏம்மா ஃபிளோரா, வாரைக் கெட்டியா இழுத்துட்டியா?"

"இல்லே மாமா. நான் இழுக்கவே இல்லே."

"தெரியாம இழுத்திருப்ப. புதுசா ஏறுறவங்களுக்கு நடக்கிறதுதான்." அப்பா கோபமாகப் பேசவில்லை. ஆனால் குரல் வேறு மாதிரி இருந்தது. "கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம். என்ன?"

ஃபிளோரா தலையைக் குனிந்துகொண்டு, பையை எடுத்துத் தோளில் போட்டு, வாழைத் தோட்டத்து வழியே நடந்து போனாள்.

ரீபா இரண்டு அடி தூரத்தில்தான் நின்றாள். 'நான்தான்' என்ற ஒரு சொல் நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

'இனிமே கருப்பட்டி எனக்கு மட்டும்தான்' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கொள்ளு வாளியோடு லாயத்துக்குப் போனாள். கருப்பட்டி கொள்ளைத் தின்றாள். ஆனால் ரீபா தடவிக்கொடுக்கக் கையைத் தூக்கியதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ரீபா கையைத் தூக்கியபடியே நின்றாள்.

வெளியே அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாங்க, குத்தாலத்துக்குத்தான். நீங்க அடுத்த சனிக்கிழமை வண்டியை எடுத்துட்டு வாங்க."

பெனோ ஓடி வந்தான். "ஏக்கா, ஒரு மாசம்னு சொன்னாங்கள்லா?"

"வாயில புண்ணு வந்துட்டுல்லா. இனிமே எங்க பழக்குறதுன்னு நினைக்காங்க."

"ஃபிளோரா வந்தா கருப்பட்டி போவாதுல்லா? அவளை ஏன் வர வேண்டாம்னாங்க?"

ரீபா வாளியைக் கீழே வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

கிரேஸி அத்தை வீட்டுப் பின்பக்கம் ஃபிளோரா பள்ளிக்கூடச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். ரீபாவைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"நான்தான் இழுத்தேன்" என்றாள் ரீபா. சுற்றி வளைத்துச் சொன்னால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "வியாழக்கிழமை. நீ வராத அன்னைக்கு."

ஃபிளோராவின் கை நின்றது. "ஏன்?"

"உன் விரலுக்கு வந்தா. என் கைக்கு வரலை. எனக்குப் பொறுக்கலை."

சட்டையிலிருந்து நீர் சொட்டியது.

"மாமா என்னைச் சொல்லும்போது நீ பக்கத்துலதான நின்ன?"

"ஆமா."

"எனக்கு ராத்திரி எல்லாம் அழுகையா வந்துச்சு. நிசமாவே நான்தான் இழுத்துட்டேனோன்னு நினைச்சேன், தெரியுமா?"

ரீபா தலையை ஆட்டினாள்.

"எனக்குக் கோவம் போவலை" என்றாள் ஃபிளோரா.

"சரி."

"மாமாகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லே. உன்கிட்டதான் மொதல்ல."

ஃபிளோரா சட்டையைப் பிழிந்தாள். பலமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிந்தாள். "போய்ச் சொல்லு. சொன்னப்பெறவு வாரேன். கருப்பட்டிக்காக."

அப்பாவிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் குதிரையைத் தேய்க்கும் தூரிகையைக் கையில் பிடித்தபடி முழுவதும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"புண்ணு ஆறுற வரைக்கும் இவளுக்குக் கடிவாளம் கிடையாது" என்றார். "ரெண்டு வேளையும் மருந்து நீதான் போடணும்."

பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கோ போனார். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தபோது பின்சீட்டில் ஃபிளோரா இருந்தாள்.

"மாமா என்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க" என்று ரீபாவின் காதில் சொன்னாள் ஃபிளோரா. கோபம் இன்னும் இருந்தது, ஆனாலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ஒரு பெரியவங்க என்கிட்ட மன்னிப்புக் கேட்டு இப்பதான் பாக்குதேன்!"

"அப்பா, குத்தாலத்துக்காரரை வர வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள் ரீபா.

"வரச் சொன்னவரை எப்படி வேண்டாம்ங்கிறது?" அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்யுதேன். சனிக்கிழமை அவர் வண்டியிலேயே இவளை ஏத்துவோம். பின்னால நடந்து இறங்கிட்டான்னா நம்ம குதிரை. இறங்கலைன்னா அப்படியே குத்தாலம். இதை அவர்கிட்டயும் சொல்லிருதேன்."

ஒரு வாரம்தான் இருந்தது.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. யார் கை கிட்டே வந்தாலும் கருப்பட்டி தலையைத் தூக்கினாள். ஃபிளோராவின் விரலைக்கூட அவள் நம்பவில்லை.

"நீ எப்படித்தான் செஞ்ச?" என்று கேட்டாள் ரீபா. இத்தனை நாள் கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"எங்க ஊர்ல வள்ளத்தைக் கடல்ல தள்ளுவாங்கள்லா. சும்மாத் தள்ளினா நம்ம இடுப்புதான் போவும். அலை வந்து தூக்குற நேரம் பாத்துத் தொட்டா, தானாப் போயிரும்."

"கருப்பட்டிக்கு அலை எங்கன இருக்கு?"

"முன்னங்கால்ல. எடுக்கலாமான்னு நினைக்கும்போதே உடம்பு பின்னால சாயும். அப்ப விட்டுரணும். விட்டாத்தான் 'ஓ, இதுதான் சரி'ன்னு அதுக்குத் தெரியும். ஆனா இப்பத் தொடவே விட மாட்டேங்காளே."

மறுநாள் காலை ரீபா வழக்கம் போலக் கொள்ளு வாளியோடு வந்தாள். லாயத்தின் கதவு உள்பக்கமாகத் திறக்கும். தினமும் போல, மெதுவாக ஒதுங்கும்படி "பைய" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினாள். கருப்பட்டி கதவுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.

ரீபா வாளியைக் கீழே வைத்தாள். கதவை மூடினாள். மறுபடி, "பைய" என்று சொல்லித் திறந்தாள்.

கருப்பட்டி இரண்டு அடி பின்னால் போனாள்.

"ஏ பெனோ!" என்று கத்தினாள் ரீபா. "இவ தினமும் என் சொல்லைக் கேட்டுப் பின்னால நடந்துக்கிட்டுத்தாம்லே இருந்திருக்கா! ரெண்டு வருசமா!"

தினமும் கண் முன்னால் நடந்ததுதான். தள்ளுகிற அவசரத்தில் அவள் கவனிக்கவே இல்லை.

அன்று மாலை ஃபிளோரா வந்ததும் இருவரும் சேர்ந்து வேலையை ஆரம்பித்தார்கள். ரீபா "பைய" என்று சொல்லிக் கதவை முழுதாகத் திறப்பதற்குப் பதில் பாதி திறந்தாள். அப்புறம் கால்வாசி. அப்புறம் கதவைத் தொடாமலே "பைய" என்று மட்டும் சொன்னாள். கருப்பட்டி காதை முன்னால் நீட்டி யோசித்தாள்.

ரீபாவுக்கு இன்னொரு தடவை சொல்ல வேண்டும் போல் நாக்கு துடித்தது.

"இரு" என்றாள் ஃபிளோரா மெதுவாக. "அலை வரட்டும்."

ரீபா காத்திருந்தாள். பத்து வரை எண்ணினாள். கருப்பட்டி பின்னால் ஓரடி வைத்தாள். ரீபா ஒரு பிடி கொள்ளைக் கையில் நீட்டினாள். கருப்பட்டி அந்தக் கையிலிருந்தே தின்றாள்.

அடுத்து முற்றத்தில். அடுத்து இரண்டு மூங்கில் கழிகளுக்கு நடுவில். அதற்கும் அடுத்து, தரையில் போட்ட பலகை மேல். குளம்பு பட்டதும் பலகை 'டொம்' என்றது. கருப்பட்டி திடுக்கிட்டு முன்னால் பாய்ந்துவிட்டாள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வந்தது. வெள்ளிக்கிழமை இசக்கிதுரை தன் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். கருப்பட்டி சாய்பலகையின் பாதி வரை ஏறி, பின்னால் நடந்து இறங்கினாள். முழுதாக உள்ளே போய் இறங்கிப் பார்ப்பதற்குள் இருட்டிவிட்டது.

சனிக்கிழமை காலை குற்றாலத்துக்காரர் வந்தார். அவர் வண்டி புதிது. பச்சை பெயிண்ட் வாசனை அடித்தது. கருப்பட்டி மூக்கைச் சுளித்தாள். ஆனாலும் ஏறிவிட்டாள்.

"இப்ப இறங்கணும்" என்றார் அப்பா.

ரீபா தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றாள். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். "பைய" என்றாள். குரல் கீச்சென்று வந்தது.

கருப்பட்டி தலையைத் தூக்கினாள்.

"பைய, கருப்பட்டி!"

கருப்பட்டியின் கண்ணில் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. ரீபா தன் கையைப் பார்த்தாள். கயிறு விறைப்பாக இருந்தது. அவளுக்கே தெரியாமல் இழுத்துப் பிடித்திருந்தாள்! தளர்த்தப் பார்த்தாள். பயத்தில் விரல்கள் மறுபடியும் இறுகின.

சாய்பலகைக்குக் கீழே ஃபிளோரா நின்றாள். அவள் கைகள் அமைதியாக இருந்தன. அந்தக் கையைப் பார்த்ததும் ரீபா கயிற்றை இன்னும் இறுக்கினாள். நான்தான் இறக்க வேண்டும். எல்லாரும் பார்க்க, நான்தான். என் குதிரை.

கருப்பட்டி பெருமூச்சு விட்டாள். அவள் உடம்பு நடுங்குவது கயிறு வழியாக ரீபாவின் கைக்குத் தெரிந்தது.

"ஃபிளோரா" என்றாள் ரீபா. "நீ வந்து கயிறைப் பிடி. என் கை பதறுது."

ஃபிளோரா ஏறி வந்தாள். கயிற்றை வாங்கித் தளர்வாகப் பிடித்தாள். ரீபா பக்கப் பலகையை ஒட்டி, கருப்பட்டியின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போய் நின்றாள். மூச்சை இழுத்து விட்டாள். கொள்ளு வாளியோடு லாயத்துக் கதவின் முன் நிற்பதாக நினைத்துக்கொண்டாள்.

"பைய" என்றாள். இந்தத் தடவை தினமும் சொல்கிற மாதிரியே வந்தது.

பெனோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். ரீபாவின் எண்ணிக்கை இருபதைத் தாண்டிவிட்டது.

கருப்பட்டியின் உடம்பு பின்னால் சாய்ந்தது. ஃபிளோராவின் விரல்கள் திறந்தன. ஒரு கால். இன்னொரு கால். பின்னங்குளம்பு சாய்பலகையைத் தேடித் தடவியது. 'டொம்.' கருப்பட்டி நின்றாள். காதுகள் ரீபாவின் பக்கம் திரும்பின.

"பைய" என்றாள் ரீபா. "நல்ல பிள்ளை. பைய."

'டொம், டொம், டொம்' என்று ஒவ்வோர் அடியாக இறங்கி, கருப்பட்டி தரையில் நின்றாள். நின்றதும், அப்பாவின் சட்டை மேல் ஒரு பெரிய தும்மல் போட்டாள்.

"இறங்கிட்டா!" என்று குதித்தான் பெனோ.

குற்றாலத்துக்காரர் தலையைச் சொறிந்தார். "நல்ல குதிரையா இருக்கே. இப்பத்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அதுக்குள்ள இல்லைங்கியளே!"

"காப்பி குடிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி" என்று சிரித்தார் அப்பா, சட்டையைத் துடைத்தபடி.

ஃபிளோராவும் ரீபாவும் லாரிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"கோவம் போயிட்டா?" என்று கேட்டாள் ரீபா.

ஃபிளோரா யோசித்தாள். "கொஞ்சம் இருக்கு. திங்கக்கிழமைக்குள்ள போயிரும்."

திங்கட்கிழமை மத்தியானம் டப்பாவைத் திறந்து அவள் ரீபா பக்கம் நீட்டினாள். ரீபா பாதி நெத்திலியைத் தின்றுவிட்டாள்.

புண் முழுதாக ஆற இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு மாலை, ரீபா முதல் முறையாக மறுபடியும் கருப்பட்டி மேல் ஏறினாள். வாரைப் பிடித்த விரல்களை மெதுவாக மூடினாள். "பைய" என்று சொல்லிக் காத்திருந்தாள்.

கருப்பட்டி தலையைத் தூக்கவில்லை. கழுத்தைத் தாழ்த்தியபடி ஓரடி பின்னால் வைத்தாள். ரீபா விரல்களைத் திறந்தாள். மூடினாள். இன்னோர் அடி. திறந்தாள். முற்றம் முழுவதும், கோடு போட்ட மாதிரி நேராக, கருப்பட்டி தானாக விரும்பிப் பின்னால் நடந்தாள். வேலி மேல் உட்கார்ந்திருந்த ஃபிளோரா காலைத் தூக்கிக்கொண்டாள். இல்லையென்றால் கருப்பட்டி அவள் மடியிலேயே உட்கார்ந்திருப்பாள்.

"என்கிட்ட இவ்வளவு தூரம் வந்ததே இல்லே" என்றாள் ஃபிளோரா. அவள் உதடு கொஞ்சம் பிதுங்கியது.

ரீபாவுக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். கொஞ்ச நாள் முன்பு வரை அவளே வைத்துக்கொண்டு அலைந்த முகம் அது. உள்ளுக்குள் அவளுக்குக் கொஞ்சம் குஷியாகக்கூட இருந்தது.

அந்தக் குஷியை ஒரு நிமிடம் அனுபவித்துவிட்டுக் குதிரையிலிருந்து இறங்கினாள். ஃபிளோரா கால் வைத்து ஏறுவதற்கு வசதியாக அங்கவடியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறு" என்றாள். "ஆனா ரெண்டே ரெண்டு சுத்துதான். அப்புறம் நான்!"